ரூலெட் மேசையில் விழுந்த எண்களைக் குறித்துவைத்துப் பந்தயம் வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பித்து வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்து, இப்போது புறக்கோட்டையில் வியாபாரம் செய்துவரும் ஒருவர், ஒரு ஞாயிறு மாலை நான்கு சி.ஆர். கொப்பிகளுடன் வீட்டுக்கு வந்தார். கொழும்பிலுள்ள கசினோ ஒன்றின் ரூலெட் (சுழலும் சக்கரத்தில் உருண்டையை எறிந்து, அது எந்த எண்ணுள்ள குழியில் விழும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டம்) மேசையில் மாதக்கணக்கில் விழுந்த எண்களை, சிவப்பைச் சிவப்புப் பேனாவாலும் கறுப்பை நீலப் பேனாவாலும், வரிசை தவறாமல் எழுதியிருந்தார். "சேர், இதுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ" என்பதே அவருடைய வேண்டுகோள். அன்றைக்கு நான் சொன்னவை அவருக்குப் போதவில்லை. அதன்பின் அவரும் நண்பர்களும் கேட்ட கேள்விகளையும், அவருடைய மனைவி தனியே கேட்ட ஒரு கேள்வியையும், என் பதில்களோடு இங்கே தருகிறேன். எல்லாக் கணக்கும் கல்குலேட்டரில் நீங்களே செய்து பார்க்கக்கூடியவை. அப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில், கசினோவுக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது?

ஒற்றைப் பூச்சியமுள்ள சக்கரத்தில் 0 முதல் 36 வரை மொத்தம் 37 குழிகள் இருக்கின்றன. அவற்றில் 18 சிவப்பு, 18 கறுப்பு, பூச்சியம் மட்டும் பச்சை. தனி எண்ணொன்றில் 100 ரூபா வைத்து வென்றால் 3,500 ரூபாவும் வைத்த 100 ரூபாவும் கிடைக்கும். அதாவது, மேசையில் 36 எண்களே இருப்பதுபோலப் பணம் கொடுக்கப்படுகிறது. சக்கரத்திலோ 37 எண்கள் இருக்கின்றன. முப்பத்தேழு எண்களிலும் தலா 100 ரூபா வைப்பவர் 3,700 ரூபாவை மேசையில் வைத்து 3,600 ரூபாவைத் திரும்பப் பெறுவார். அந்த நூறு ரூபா, அதாவது 2.70 வீதம், கசினோவின் பங்கு.

சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை, டசின் (அடுத்தடுத்த 12 எண்கள்), நிரல் (மேசையில் ஒரே நீள்வரிசையிலுள்ள 12 எண்கள்) என்று எதில் வைத்தாலும் இதே 2.70 வீதந்தான் வரும். இரட்டைப் பூச்சியமுள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள் இருப்பதால் அது 5.26 வீதமாகிறது, அந்த மேசையில் 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்தையும் சேர்த்து வைக்கும் பந்தயத்தில் மட்டும் 7.89 வீதம். பூச்சியம் விழும்போது சிவப்பு, கறுப்பு போன்ற சமப்பந்தயங்களில் பாதிப் பணத்தைத் திருப்பித் தரும் பிரெஞ்சு விதியுள்ள மேசையில் அது 1.35 வீதமாகக் குறையும். ரூலெட்டில் ஆடுபவர் தெரிவு செய்யக்கூடிய, உண்மையில் விளைவுள்ள வேறுபாடு இவ்வளவுதான்: எந்தச் சக்கரம், எந்த விதி. இதை அறிய ஒரு எண்ணைக்கூடக் குறித்துவைக்க வேண்டியதில்லை.

கறுப்பு எட்டு முறை தொடர்ந்து வந்துவிட்டது. இனிச் சிவப்பு வரும் வாய்ப்புக் கூடாதா?

கூடாது. ஒன்பதாவது சுழற்சியிலும் சிவப்பின் நிகழ்தகவு 18/37 தான். எட்டுக் கறுப்புக்குப் பின்னும் அதுதான், எட்டுச் சிவப்புக்குப் பின்னும் அதுதான்.

இதை ஏற்க மனம் ஏன் மறுக்கிறது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். நம் அன்றாட அனுபவத்தில் காத்திருத்தலுக்குப் பெரும்பாலும் பலன் உண்டு. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நின்றவர், இனி அது வரும் நேரம் நெருங்கிவிட்டது என்று நினைத்தால் அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. பாணந்துறையிலிருந்து புறப்பட்ட பஸ் வீதியில் எங்கோ வந்துகொண்டிருக்கிறது, நேரம் போகப் போக நம்மை நெருங்குகிறது. ஆனால் ரூலெட் சக்கரத்தில் சிவப்பு எங்கிருந்தும் புறப்பட்டு வரவில்லை. ஒவ்வொரு முறையும் உருண்டை புதிதாக எறியப்படுகிறது. முன்பு எங்கே விழுந்தது என்பதைச் சக்கரத்தின் எந்தப் பாகமும் பதிந்து வைப்பதில்லை. தாயம் உருட்டும்போது "இவ்வளவு நேரமும் விழவில்லை, இனித் தாயம் விழுந்தே ஆகவேண்டும்" என்று சிறுவயதில் நாமெல்லோரும் சொல்லியிருக்கிறோம். அதே நினைப்புத்தான் இங்கும் வேலை செய்கிறது, இங்கே பணத்தோடு.

1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி மொண்டே கார்லோ கசினோவில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று நம்பி, சுழற்சிக்குச் சுழற்சி பணத்தைக் கூட்டிச் சிவப்பில் வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். குறிப்பிட்ட 26 சுழற்சிகளும் கறுப்பாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 13 கோடியே 68 லட்சத்தில் ஒன்று. ஆனால் 25 கறுப்புகள் ஏற்கெனவே விழுந்துவிட்ட நிலையில் மேசையருகே நிற்பவருக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு முன்னே இருந்தது ஒரே ஒரு சுழற்சி, அதில் கறுப்புக்கு 18/37, சிவப்புக்கும் 18/37.

ஆனால் நீண்ட காலத்தில் எல்லாம் சமமாகும் என்று நீங்களே வகுப்பில் படிப்பித்தீர்களே, சேர்?

படிப்பித்தேன். இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம், ஏனெனில் என் மாணவர் தவறாக விளங்கிக்கொண்டதில் என் பங்கும் இருக்கிறது. வகுப்பில் "சமமாகும்" என்ற சொல்லை விளக்கமின்றி விட்டுவிட்டேன்.

யாக்கோப் பெர்னூலி நிறுவி, அவர் இறந்த பின் 1713இல் வெளியான பேரெண் விதி (சுழற்சிகள் கூடக்கூட ஒரு முடிவின் விகிதம் அதன் நிகழ்தகவை நெருங்கும் என்பது) சொல்வது விகிதத்தைப் பற்றியது. எண்ணிக்கை வித்தியாசத்தைப் பற்றியதன்று. ஓர் உதாரணம் பாருங்கள். முதல் பத்துச் சுழற்சிகளிலும் கறுப்பே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆயிரம் சுழற்சிகளில் இரு நிறங்களும் சராசரியாக 486 அல்லது 487 முறை வரும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஆயிரம் முடிந்தபின் கறுப்பு எத்தனை கூடுதலாக இருக்கும்? அதே பத்துத்தான். பத்துச் சுழற்சி முடிவில் 100 வீதமாக இருந்த கறுப்பின் பங்கு 1,010 சுழற்சி முடிவில் 49.2 வீதத்துக்கு இறங்கிவிட்டது. சிவப்பு வந்து கடனைத் தீர்த்ததால் இது நடக்கவில்லை. பத்து என்ற எண் ஆயிரத்துக்கு முன்னே சிறியதாகிவிட்டதால் நடந்தது. குளத்தில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டால் உப்பு காணாமற் போவதில்லை, தண்ணீரில் கரைந்து தெரியாமற் போகிறது. பந்தயம் வைப்பவருக்கு வேண்டியதோ அந்தப் பத்துச் சிவப்புகள். அவை வரும் என்று எந்த விதியும் உறுதி தரவில்லை.

நெடுநேரம் வராத எண்களில் வைப்பதா, அடிக்கடி வரும் எண்களில் வைப்பதா?

கொப்பியின் ஓரத்தில் என் மாணவர் இந்த இரண்டு பட்டியல்களையும் எழுதி வந்தார். சில இரவுகளில் முதலாவதையும் சில இரவுகளில் இரண்டாவதையும் பின்பற்றியதாகச் சொன்னார். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு யோசனைகளுக்கும் ஒரே கொப்பியில் ஆதாரம் கிடைத்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.

முப்பத்தேழு சுழற்சிகளில் ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை வரும் என்று எதிர்பார்ப்பவர் பலர். ஒரு குறிப்பிட்ட எண் 37 சுழற்சிகளில் ஒருமுறைகூட விழாதிருக்கும் நிகழ்தகவு 36/37 இன் 37ஆம் அடுக்கு. அது ஏறத்தாழ 0.36. எனவே 37 சுழற்சிகளின் முடிவில் சராசரியாக 13 எண்கள் விழாமலே இருக்கும். நூறு சுழற்சிகளுக்குப் பின்னும் சராசரியாக இரண்டு எண்களுக்கு மேல் விழாமலிருக்கும். "உறங்கும் எண்கள்" என்று ஆடுபவர்கள் பெயர் வைத்திருப்பது இவற்றுக்குத்தான். பழுதற்ற சக்கரம் ஒவ்வோர் இரவும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

"சூடான எண்" பற்றியும் அதே கதை. 370 சுழற்சிகளில் ஓர் எண் சராசரியாக 10 முறை வரவேண்டும், நியம விலகல் (சராசரியிலிருந்து வழமையாக ஏற்படும் ஏற்ற இறக்கத்தின் அளவு) 3.1. ஆனால் 37 எண்களையும் ஒருசேரப் பார்த்து அவற்றில் அதிகம் வந்ததைப் பொறுக்கி எடுக்கும்போது, அது 16 அல்லது 17 முறை வந்திருப்பது சாதாரணம். ஒரு வகுப்பில் 37 பிள்ளைகள் இருந்தால் அவர்களில் மிக உயரமான பிள்ளை சராசரியைவிடக் கணிசமாக உயரமாகத்தான் இருக்கும். அதை வைத்து அந்த வகுப்புக்கு ஏதோ விசேஷ உணவு கொடுக்கிறார்கள் என்று முடிவுசெய்ய மாட்டோம்.

304 ஆடும்போது விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பவர் வெல்கிறாரே? ரூலெட்டில் மட்டும் ஏன் முடியாது?

நல்ல கேள்வி. 304 ஆட்டத்தில் மொத்தம் 32 சீட்டுகள். ஒரு ஜக் விழுந்துவிட்டால் அந்த ஆட்டம் முடியும்வரை அது திரும்பி வராது. முப்பது புள்ளி போய்விட்டது, எஞ்சியவை யார் கையில் என்று ஊகிக்கலாம். நடந்தது இனி நடக்கப்போவதை மாற்றுகிறது. எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1960களின் தொடக்கத்தில், பிளாக்ஜாக் ஆட்டத்தில் விழுந்த சீட்டுகளை எண்ணி ஆடினால் ஆடுபவருக்கு அனுகூலம் கிடைக்கும் என்று காட்டியதும் இதே காரணத்தால்தான்.

ரூலெட்டில் 17 விழுந்தபின் அந்தக் குழியை யாரும் மூடிவிடுவதில்லை. அடுத்த எறிதலுக்கும் அது திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு சீட்டு விழுந்த பின்னும் அதைக் கட்டில் செருகி, நன்றாகக் குலைத்து, மறுபடி முதலிலிருந்து கொடுத்தால் 304 இல் நினைவாற்றலுக்கு என்ன வேலை?

அப்படியானால் கசினோவே விழுந்த எண்களை மேசைக்கருகில் ஒளிப்பலகையில் காட்டுவது ஏன்?

அந்தத் தகவலால் அவர்களுக்கு நட்டம் வராது என்பதாலும், அதைப் பார்ப்பவர்கள் பந்தயம் வைக்க ஒரு காரணம் கண்டுகொள்கிறார்கள் என்பதாலும். பிளாக்ஜாக் மேசையில் சீட்டெண்ணுபவரை வெளியேற்றும் நிலையங்களே ரூலெட் மேசையில் எழுதுபவருக்குப் பேனாவும் அட்டையும் கொடுத்து உபசரிக்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டை என் மாணவரிடம் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாகக் கொப்பியை மூடிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

இரண்டு, மூன்று பந்தயங்களைச் சேர்த்து வைத்து அதிக எண்களைப் பிடித்தால்?

அவருடைய நண்பர் ஒருவரின் முறை இது: மூன்றாம் நிரலில் ஓர் அலகு, கறுப்பில் ஓர் அலகு. மூன்றாம் நிரலில் எட்டுச் சிவப்பும் நான்கே கறுப்பும் இருப்பதால் இரண்டும் சேர்ந்து 26 எண்களைப் பிடிக்கின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு, அது உண்மையும்கூட.

ஆனால் 37 எண்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் பார்ப்போம். நிரலிலும் கறுப்பிலும் ஒருங்கே அமைந்த நான்கு எண்களில் தலா 3 அலகு வரவு: 12. நிரலிலுள்ள எட்டுச் சிவப்பில் தலா 1 வரவு: 8. நிரலுக்கு வெளியேயுள்ள 14 கறுப்பில் வரவும் செலவும் சரி: 0. எஞ்சிய பத்துச் சிவப்பிலும் பூச்சியத்திலும் தலா 2 நட்டம்: 22. கூட்டினால் 2 அலகு நட்டம். மேசையில் வைத்தது 74 அலகு. இரண்டை எழுபத்துநான்கால் வகுத்தால் 2.70 வீதம். முதற்கேள்வியில் பார்த்த அதே எண்.

இது தற்செயலன்று. ஒவ்வொரு பந்தயமும் தனித்தனியே 2.70 வீதம் இழக்கும்போது, அவற்றை எப்படிக் கூட்டினாலும் கூட்டுத்தொகையும் அதே வீதத்தைத்தான் இழக்கும். இலாபமற்ற பத்துச் சாமான்களை ஒரே பொதியில் கட்டி விற்றால் அந்தப் பொதியில் இலாபம் வராது என்பது புறக்கோட்டை வியாபாரிக்குத் தெரியாததா?

தோற்கும்போது பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், ஒருமுறை வென்றாலே போதுமல்லவா?

500 ரூபாவில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 63,500 ரூபா. எட்டாவது பந்தயத்துக்கு 64,000 ரூபா வேண்டும். இத்தனையும் 500 ரூபா இலாபத்துக்காக. ஏழு முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 106இல் ஒன்றே என்று ஆறுதலடைய வேண்டாம்: 200 சுழற்சி ஆடும் ஒருவர் அவற்றினிடையே ஒரு முறையேனும் அத்தகைய தொடரைச் சந்திக்கும் வாய்ப்புப் பாதிக்கும் மேல். மேசைக்கு உச்சப் பந்தய வரம்பும் உண்டு, நம் சட்டைப்பைக்கும் உண்டு.

எழுதி ஆடத் தொடங்கியபின் பல இரவுகளில் வென்றிருக்கிறேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வென்றிருப்பீர்கள், நம்புகிறேன். சிவப்பில் ஒவ்வொரு முறையும் 500 ரூபா, மணிக்கு நாற்பது சுழற்சி, நான்கு மணித்தியாலம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 160 சுழற்சிகளில் 80,000 ரூபா மேசையில் புரள்கிறது. எதிர்பார்க்கும் நட்டம் ஏறத்தாழ 2,160 ரூபா. ஆனால் அந்த ஓர் இரவின் நியம விலகல் 6,300 ரூபா. நட்டம் ஊசலாட்டத்தினுள் மறைந்து கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வைப்பவருங்கூட மூன்றில் ஓர் இரவு வென்று வீடு திரும்புவார்.

ஐம்பது இரவுகளைச் சேர்த்துப் பாருங்கள். 8,000 சுழற்சிகள், எதிர்பார்க்கும் நட்டம் 1,08,000 ரூபாவுக்குச் சற்று மேல், நியம விலகல் 44,700 ரூபா. ஐம்பது இரவுகளின் முடிவில் இலாபத்தில் நிற்பவர் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. இலங்கைக் குடிமக்களுக்கு டொலர் கணக்கில் விதிக்கப்பட்டுள்ள நுழைவு வரி இதில் சேரவில்லை, வீடு திரும்பும் முச்சக்கரவண்டிக் கூலியும் சேரவில்லை. வென்ற இரவுகள் நினைவில் நிற்பதும் தோற்ற இரவுகள் "அன்றைக்கு முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை" என்று ஒதுக்கப்படுவதும் மனித இயல்பு. என் மாணவரின் நான்கு கொப்பிகளிலும் எண்கள் ஒன்றுவிடாமல் இருந்தன; எந்தப் பக்கத்திலும் அன்று வைத்த பணமோ இழந்த பணமோ எழுதப்பட்டிருக்கவில்லை.

எண்களைக் குறித்துவைத்து உண்மையாகவே வென்றவர்கள் வரலாற்றில் இல்லையா?

இருக்கிறார்கள், அவர்களை மறைப்பது நேர்மையாகாது. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரைச் சேர்ந்த ஜோசப் ஜாகர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொண்டே கார்லோவில் ஆட்களை அமர்த்தி ஒவ்வொரு சக்கரத்தின் முடிவுகளையும் குறிக்கச்செய்து, சில எண்களை அதிகமாகத் தரும் பழுதுபட்ட சக்கரமொன்றைக் கண்டுபிடித்து, பெருந்தொகை வென்றார். 1947இல் அல்பேர்ட் ஹிப்ஸ், ரோய் வோல்ஃபோர்ட் என்ற இரு மாணவர்கள் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் அதையே செய்தார்கள். 1990களில் ஸ்பெயினின் கொன்சாலோ கார்சியா பெலாயோ மத்ரித் கசினோவில் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைக் குறித்து, கணினியில் ஆராய்ந்து, குடும்பத்தினரோடு சேர்ந்து வென்றார். அவரைத் தடைசெய்தது தொடர்பான வழக்கில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2004இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இவர்களுக்கும் நம் கொப்பிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். "எது வரவில்லை, ஆகவே வரும்" என்று இவர்களில் யாரும் நினைக்கவில்லை. சக்கரம் மரத்தாலும் உலோகத்தாலும் செய்த பொருள், அதில் தேய்மானமோ சாய்வோ இருக்கலாம், இருந்தால் அதே எண்கள் திரும்பத் திரும்ப வரும் என்று நினைத்தார்கள். தேடியது ஓர் இயந்திரக் கோளாறை.

இன்னொரு கூட்டத்தினர் பழைய எண்களைப் பார்க்கவேயில்லை. முன்பு சொன்ன தோர்ப்பும், தகவற் கோட்பாட்டின் தந்தையான குளோட் ஷனனும் 1961இல் உடலில் மறைத்துக் கொண்டுசெல்லக்கூடிய ஒரு சிறு கணினியைச் செய்தார்கள். உருண்டையும் சக்கரமும் சுற்றும் வேகத்தை அந்தச் சுழற்சியிலேயே அளந்து, சக்கரத்தின் எந்தப் பகுதியில் அது விழும் என்று ஊகிக்கும் கருவி அது. 2004இல் இலண்டன் ரிட்ஸ் கசினோவில் லேசர் கருவியால் அதே வேலையைச் செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட மூவர் பத்து லட்சம் பவுணுக்கும் மேல் வென்றார்கள். நெவாடா மாநிலம் 1985இலேயே இத்தகைய கருவிகளைச் சட்டத்தால் தடைசெய்திருந்தது. கொழும்பிலும் இதைச் செய்து பார்க்க எண்ண வேண்டாம்.

நானும் ஒரு பழுதுபட்ட சக்கரத்தைக் கண்டுபிடிக்கலாமே? எத்தனை சுழற்சி எழுத வேண்டும்?

ஓர் எண் 37இல் ஒருமுறைக்குப் பதிலாக 30இல் ஒருமுறை வருகிறது என்று வைப்போம். இது கணிசமான பழுது. 10,000 சுழற்சிகளில் நல்ல சக்கரம் அந்த எண்ணை 270 முறை தரும், நியம விலகல் 16. பழுதுபட்ட சக்கரம் 333 முறை தரும். அந்த நிலையில்தான் 37 எண்களினிடையே அது தற்செயலல்ல என்று உறுதியோடு சொல்லலாம். மணிக்கு நாற்பது சுழற்சி என்றால், ஒரே சக்கரத்தின் முன்னால் 250 மணித்தியாலம். அதுவரையும் அந்தச் சக்கரம் இடம் மாறாமல், பழுதுபார்க்கப்படாமல் இருக்க வேண்டும். இன்றைய சக்கரங்களில் குழிகளின் தடுப்புகள் தாழ்வாக இருப்பதால் உருண்டை துள்ளிச் சிதறுகிறது. முடிவுகளை உணரிகள் தானாகவே பதிகின்றன. நீங்கள் கையால் எழுதுவதைவிட நிறைவான பதிவு கசினோவிடம் இருக்கிறது, பழுதை முதலில் அறிபவர்களும் அவர்களே.

முயல்வதானால் கைவர்க்கச் சோதனையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் வந்த தடவைக்கும் எதிர்பார்த்த தடவைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, எதிர்பார்த்த தடவையால் வகுத்து, 37ஐயும் கூட்டுங்கள். சுயாதீனப் படி (ஒன்றையொன்று சாராமல் மாறக்கூடிய எண்ணிக்கைகள்) 36. கூட்டுத்தொகை 51ஐத் தாண்டாவிட்டால் சக்கரத்தில் பழுது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. தாண்டினாலும் நல்ல சக்கரங்களில் இருபதில் ஒன்று அப்படித் தாண்டும். இந்தச் சோதனையை 1900இல் வகுத்த கார்ல் பியர்சன், அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர் மொண்டே கார்லோவில் விழுந்ததாகப் பத்திரிகையில் வெளியான எண்களை ஆராய்ந்தார். நிறங்கள் இருக்க வேண்டியதைவிட அடிக்கடி மாறுவதைக் கண்டு, அது தற்செயல் விளைவாக இருக்க முடியாது என்றார். எண்களைச் சேகரித்தவர்கள் மேசையருகே இராமல் மனம்போனபடி எழுதியிருக்கலாம் என்பது பின்னர் பலரும் ஏற்ற விளக்கம். களைத்த கண்ணோடு நள்ளிரவில் விட்டுப்போன நாலைந்து எண்களை ஊகித்து நிரப்பும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், உங்கள் கொப்பி சக்கரத்தைப் பற்றியல்ல, உங்களைப் பற்றித்தான் சொல்லும்.

முடிவுகளைப் பதிந்தால் அடுத்த எண்ணைக் கூறும் செயலியை வட்ஸ்அப்பில் விற்கிறார்களே?

வாங்க வேண்டாம். கணினி உருவாக்கும் எண்களால் இயங்கும் இணைய ரூலெட்டில் தேய்வதற்குச் சக்கரமே இல்லை. அடுத்த எண்ணை அறிந்தவர் அதை மாதச் சந்தாவுக்கு விற்கமாட்டார். உரிமமற்ற தளங்களில் வென்ற பணத்தை எடுக்க முடியாமற்போவது வேறொரு துயரம். முறையிட அங்கே ஆளில்லை.

கசினோவுக்குள் எண்களை எழுதுவது சட்டவிரோதமா?

பேனாவாலும் தாளாலும் எழுதுவதை நிலையங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. இலங்கையில் கசினோத் தொழிலை 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரசபை ஒன்றுக்கான சட்டத்தைப் பாராளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. உங்கள் கொப்பியைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நான் சூதாடவில்லை, ஆராய்ச்சி செய்கிறேன்" என்று அவர் சொல்கிறார். அதை நம்பலாமா, சேர்?

என் மாணவரின் மனைவி தொலைபேசியில் கேட்டது இது. அவர் பொய் சொல்லவில்லை, தங்கச்சி. அவர் அப்படித்தான் நம்புகிறார். கொப்பியில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் அவருக்கு உழைப்பாகத் தெரிகிறது, உழைப்புக்குப் பலன் கிடைத்தாக வேண்டும் என்று அவர் வளர்ந்த கடை அவருக்குக் கற்பித்திருக்கிறது. ஆனால் கடை வாடகை பிந்துகிறதா, செட்டியார் தெருவில் அடகு வைத்த நகை மீளாமல் கிடக்கிறதா, போன மாதத் தொகையைக் கேட்டால் கோபம் வருகிறதா, இழந்ததை மீட்கவே திரும்பிப் போகிறாரா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் இது கணிதத்தால் தீரும் விடயமன்று, நான் எத்தனை சமன்பாடு எழுதினாலும் போதாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்; அவர் மறுத்தால் நீங்கள் மட்டுமாவது பேசுங்கள். ஏசாதீர்கள், கடனையும் இரகசியமாக அடைக்காதீர்கள். வீட்டுச் செலவுக்குரிய பணத்தை உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் எழுதிய கொப்பிகளை இப்போது என்ன செய்வது?

எறியவேண்டாம் என்று சொன்னேன். ஒரு ஞாயிறு காலை இருவரும் மேசையில் உட்கார்ந்து, முதற்கொப்பியின் சுழற்சிகளை எண்வாரியாகப் பிரித்து, கைவர்க்கப் பெறுமானத்தைக் கண்டோம். அது 51ஐ எட்டவில்லை. பின்னர் கொப்பியின் வெளி ஓரத்தில் புதிதாக ஒரு நிரல் கீறி, வங்கிக் கூற்றுகளைப் பார்த்து, ஒவ்வோர் இரவுக்கும் எடுத்த பணத்தையும் கொண்டுவந்த பணத்தையும் எழுதச் சொன்னேன். மூன்றாவது கொப்பியின் நடுப்பகுதிவரை எழுதியவர், கூட்டுத்தொகையை என்னிடம் காட்டாமல் பேனாவை வைத்துவிட்டார். மிகுதியை வீட்டில் மனைவியோடு இருந்து எழுதுவதாகச் சொல்லி, கொப்பிகளை எடுத்துக்கொண்டு போனார்.